முப்பத்தொரு நாள் மரக்கறி

தம்பி,

இதை நீ தனியே இருந்து வாசி. மாமியிடம் கொடுக்காதே. அவருக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்துக் கொடுத்துவிடாதே. பக்கத்து வீட்டில் படித்த பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, முற்றத்தில் இருத்தி, ஊர் கேட்க வாசிப்பித்துவிடுவார். அப்பாவிடமும் காட்டாதே. இதிலே நம் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதை வெளியே சொல்லமாட்டேன் என்று அப்பாவின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். இப்போது அந்தச் சத்தியத்தை எழுத்து எழுத்தாக உடைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதே.

நீ இதை வாசிக்கும்போது மீசை வைத்த ஆளாயிருப்பாய். கல்யாணம் முடித்திருப்பாய், அல்லது முடிக்கப் போகிறாய். இப்போது உனக்கு ஐந்து வயது. அறையில் மாமிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்து நித்திரை கொள்கிறாய். விடிந்ததும் வண்டி வரும். மாமி உன்னைத் தன் ஊரான குச்சவெளிக்குக் கொண்டுபோய்விடுவார். துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகளை உறவுக்காரரின் ஊர்களுக்கு அனுப்பாத வீடு எங்களுடையதுதான் கடைசி. அப்பாவுக்குத் துறைமுக வேலை. அவருக்குச் சமைத்துப் போட நான் இங்கே நிற்கவேண்டும். இன்னொரு குண்டு விழுந்தால் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அம்மா இருந்தால் உன் கல்யாணத்துக்கு முதல் நாள் உன்னைப் பக்கத்தில் இருத்திச் சொல்லியிருக்கக்கூடியவற்றை, எட்டாம் வகுப்புப் படிக்கிற நான் இப்போதே எழுதுகிறேன். எனக்கு இதை எழுத வயது காணாது என்று தெரியும். ஆனால் இரண்டு வருடமாக உனக்குச் சோறு ஊட்டுகிறவள் நான்தான். குசினி யன்னலுக்குச் சாக்குப் போட்டு, குப்பி விளக்கை உடைந்த பானைக்குள் வைத்துத்தான் எழுதுகிறேன். வெளிச்சம் ஒரு கீறல் வெளியே தெரிந்தாலும் காவல்காரர் வந்து தட்டுவார்கள். வெளியே நாய் குரைத்தால் பானையின் வாயை ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கண்ணைப் பற்றி எழுதுகிறேன், தம்பி. உன் கண்ணைப் பற்றியும் உன் சாப்பாட்டைப் பற்றியும். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கே பிந்தித்தான் விளங்கியது. முதலில் கண்டது ஒரு நிலாக் காலத்தில். நிலாக் காலம் என்றால் இப்போது எல்லாருக்கும் பயம். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கப்பல்கள் வெள்ளைத் துணியில் வைத்த மாதிரித் தெரியுமாம். அன்றைக்கு அபாயச் சங்கு ஊதியது. அப்பா வேலையில். உன்னை எழுப்பி, முற்றத்தில் வெட்டிய குழிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் பாவாடை வேலிக் கம்பியில் மாட்டியது. உன் கையை விட்டுக் குனிந்து அதைக் கழற்றினேன். மணலில் பதிந்த காலடி ஒவ்வொன்றும் தெரிகிற அளவுக்கு நிலவு. நீ நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினாய். "அக்கா, நிலா தெரியுது. நீங்கள் எங்கை நிக்கிறியள்?" என்றாய். நான் உனக்கு நேர் முன்னால், உன் விரல் என் தலைமயிரில் படுகிற தூரத்தில் இருந்தேன். அன்றைக்கு விமானம் ஒன்றும் வரவில்லை. ஆனால் குழிக்குள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நான் பயந்தது விமானத்துக்காக இல்லை.

அடுத்த நாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கால் கழுவிக்கொண்டு சிரித்தார். "விசர்ப் பிள்ளை, இந்த இருட்டடிப்பிலை ஆருக்குத்தான் கண் தெரியுது? நானே நேத்து வேலியை வாசல் எண்டு நினைச்சுப் போய் முட்டினனான்" என்றார். அது உண்மைதான். ஊர் முழுக்க விளக்கை மூடிவிட்டு எல்லாரும் தடவித் தடவி நடக்கிற காலத்தில், ஒரு சின்னப் பிள்ளை தடவி நடப்பதை யார் கவனிப்பார்கள்? சமாதான காலமாக இருந்தால், விளக்கு வைக்கும் நேரத்தில் நீ கதிரையில் முட்டினால் பக்கத்து வீட்டார் கண்டிருப்பார்கள். இந்தச் சண்டை உன் கண்ணை ஒன்றும் செய்யவில்லை, தம்பி. அதை எங்களிடமிருந்து மறைத்து வைத்தது.

பள்ளிக்கூடத்தில் சுகாதார பாடம் எடுக்கிற ரீச்சரிடம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதை மாதிரிச் சொல்லிக் கேட்டேன். அவர் உடனே, "மாலைக்கண். இலைக்கறி தின்னாத பிள்ளையாக இருக்கும்" என்றார். முருங்கையிலை, பொன்னாங்கண்ணி, பூசணிக்காய், இவற்றைத் தேங்காய்ப்பூவோ பாலோ சேர்த்துத் தினமும் கொடுக்கச் சொன்னார். "குடுக்காமல் விட்டால்?" என்று கேட்டேன். "முதல்லை இரவு போகும். பிறகு பகலும் போகும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் கரும்பலகையை அழிக்கத் திரும்பிவிட்டார். எங்கள் வேலியெல்லாம் முருங்கை நிற்கிறது. காசு கொடுத்து வாங்கவேண்டிய மருந்து என்றால் அப்பா கடன் பட்டாவது வாங்கியிருப்பார். இது சும்மா கிடைக்கிற மருந்து, ஆனால் நீ வாயைத் திறக்கமாட்டாய்.

நீ ஏன் திறக்கமாட்டாய் என்று நான் யோசிக்கவேயில்லை, அதுதான் என் பிழை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்த ஆள் நல்ல சமையல்காரியாக இருக்கமாட்டாள். முதல் நாள் உன் மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும், தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த முருங்கையிலை வறையை ஒரு பிடி திணித்தேன். நீ அதைக் கக்கினாய், காலையில் தின்ற புட்டையும் சேர்த்துக் கக்கினாய். அதற்குப் பிறகு வெறும் சோற்றைக் கொண்டுவந்தாலும் என் கையைக் கண்டதும் பல்லைக் கடித்தாய். பிறகு பனங்கட்டி பேரம். ஒரு வாய் கீரைக்கு ஒரு துண்டு பனங்கட்டி என்றேன். கூப்பன் கடையில் சீனி கிடைக்காத நாளில் பனங்கட்டி பெரிய சாமான். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "அக்கா, மருந்து குடிச்சால்தானே பனங்கட்டி தாறது. அப்ப இது அவ்வளவு கூடாத சாமானோ?" என்றாய். நல்ல சாமானுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? மீன் தின்றதற்கு உனக்கு ஒருநாளும் பனங்கட்டி தரவில்லையே. கடைசியாகக் களவு செய்தேன். முருங்கையிலையை அரைத்துக் கருவாட்டுக் குழம்புக்குள் கலந்தேன். நீ இரண்டு வாய் தின்றாய். மூன்றாவது வாயில் ஒரு பச்சைத் தும்பு நாக்கில் ஒட்டியது. அதை விரலால் எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாய். அன்றைக்கிருந்து கருவாட்டுக் குழம்பையும் விட்டுவிட்டாய். இருந்த நல்ல கறி ஒன்றையும் நானே கெடுத்தேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், தம்பி, அதன் வாயோடு சண்டை பிடிக்காதே, பேரம் பேசாதே, களவு செய்யாதே. பிள்ளை சின்னது என்று நினைக்கிறோம். அது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அது எதைப் பார்க்கிறது என்று சொல்லவா? அப்பாவின் தட்டை. அப்பா இருந்து சாப்பிடும்போது நீ பக்கத்தில் சம்மணம் போட்டு இருப்பாய். அவர் குழைக்கிற மாதிரியே குழைப்பாய். அவர் மிளகாயை எடுத்து ஓரத்தில் வைத்தால் உன் தட்டில் இல்லாத மிளகாயை நீயும் எடுத்து வைப்பாய். நான் வறை வைத்தால் அப்பா அதை விரலால் ஓரத்துக்குத் தள்ளி, "நான் என்ன ஆடோ?" என்பார். நீ உடனே, "மே..." என்று கத்துவாய். அப்பா சிரிப்பார். நாள் முழுக்கக் கப்பலில் மூட்டை சுமந்து, உப்புக் காய்ந்த முகத்தோடு வருகிற மனுசன் சிரிக்கிற ஒரே நேரம் அது. அந்தச் சிரிப்பைப் பார்க்கவென்றே நீ மற்ற நாள் கறிச் சட்டி திறக்குமுன்பே, "மே..." என்பாய். நானும் சிரித்தேன், தம்பி. சும்மா சொல்லக்கூடாது, நீ நல்லாகத்தான் கத்துவாய். ஒருநாள் தெருவில் போன உண்மையான ஆடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது.

அம்மா இருந்த காலத்தில் நீ இப்படி இல்லை. அதைத்தான் நான் மறந்துபோனேன். அம்மா உன்னை மடியில் வைத்து, ஒரே தட்டில், முருங்கையிலையும் சோறும் தேங்காய்ப்பாலும் பிசைந்து, முதல் உருண்டையைத் தன் வாயில் போடுவார். "ஐயோ, எனக்குத்தான், ஒருத்தருக்கும் தரமாட்டன்" என்பார். நீ அவர் வாய்க்குள் விரல் விட்டுப் பிடுங்கப் பார்ப்பாய். மூன்று வயதில் கீரைக்குச் சண்டை பிடித்த பிள்ளை நீ. பிறகு அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, போய்விட்டார். அதை நான் விரித்து எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தத் தாள் நனைந்துவிடும்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. போன கிழமை இரண்டு மூன்று நாளாக மீன் இல்லை. படகுகளைக் கடலில் இறங்க விடவில்லை, கருவாடும் முடிந்துபோனது. அதனால் இருந்ததை வைத்துச் சமைத்தேன்: பூசணிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பருப்பு. வாழையிலை ஒன்று வெட்டி, மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, பார்க்க வடிவாக இருந்தால் தின்பாய் என்று நினைத்து உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய். இலையைப் பார்த்தாய். "மே" என்று கத்தவில்லை. எழும்பி அறைக்குப் போய் அப்பாவின் பாயைப் பார்த்தாய். சுருட்டி வைத்திருந்தது. திரும்பி வந்து என் முன்னால் நின்றாய்.

"அக்கா, ஆர் செத்தது?" என்று கேட்டாய்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஒருத்தரும் சாகேல்லை, இருந்து சாப்பிடு" என்றேன். நீ இருக்கவில்லை. வேலிப் படலைக்கு ஓடிப்போய், அதைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றாய். வெயில். கூப்பிட்டும் வரவில்லை. அப்பா பின்னேரம் வேலை முடிந்து வந்து படலையைத் தள்ளியபோது அவருடைய காலைக் கட்டிப்பிடித்தாய், விடவேயில்லை. அவர், "என்னடா மோனே, காசு வேணுமோ?" என்று பகிடி விட்டார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது.

உனக்கு இது தெரிந்திருக்காது, சொல்கிறேன். நம் வீடுகளில் ஒருவர் செத்தால் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரைக்கும் மரக்கறிதான். மீன் வாசம் வீட்டுக்குள் வராது. அம்மா போன பிறகு அந்த முப்பத்தொரு நாளும் வெள்ளைத் துணி விரித்த விறாந்தையில், அழுது அழுது வீங்கின பெண்கள் யார் யாரோ மாறி மாறி உனக்கு வாழையிலையில் பூசணிக்காயும் முருங்கையிலையும் பருப்பும் பிசைந்து ஊட்டினார்கள். ஊட்டிக்கொண்டே, "தாயைத் தின்ன பிள்ளையாய்ப் போச்சே" என்று அழுதார்கள். நீ ஒவ்வொரு வாய்க்கும் வாசலைப் பார்த்தாய். முப்பத்தொராம் நாள் முடிந்து அடுத்த நாள் அப்பா கடற்கரைக்குப் போய்ப் பெரிய பாரை மீன் ஒன்று கொண்டுவந்தார். அம்மா போன பிறகு அவர் முதல் தரம் சிரித்தது அன்றைக்குத்தான். நீயும் நானும் அவரும் ஒன்றாக இருந்து அந்த மீனைத் தின்றோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீயே படித்துக்கொண்டாய்: இலைக்கறி வந்தால் ஆள் போகும், மீன் வந்தால் அப்பா சிரிப்பார். கல்யாண வீட்டிலும் மரக்கறிதான், தம்பி. தைப்பொங்கலுக்கும் மரக்கறிதான். ஆனால் நீ கல்யாண வீட்டைக் காணுமுன் செத்த வீட்டைக் கண்டுவிட்டாய். நான் மூக்கைப் பொத்தித் திணித்தது உனக்குக் கீரையாக இருந்திருக்காது. உன் "மே" கூடப் பகிடி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்பா சிரிக்கிறாரா, இன்னும் இருக்கிறாரா என்று நீ ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாய்.

அன்று மாலை அப்பாவுக்கும் ஒன்று விளங்கியது. மம்மல் நேரம் அவர் முற்றத்தில் குந்தியிருந்து, "வாடா என்ரை ராசா" என்று கையை நீட்டினார். நீ குரல் வந்த பக்கம் ஓடினாய். அவரைத் தாண்டி ஓடி, கிணற்றுத் தூணில் நெற்றியை அடித்துக்கொண்டாய். அவர் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். உன் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். நீ அவருடைய தோளுக்கு மேலால் எங்கேயோ பார்த்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன். சனம் பார்க்கும் என்றார். "மாமி வரப்போறா. அவவுக்கு வாய் திறக்காதை, பிள்ளை. ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவா. நாளைக்கு உனக்கு ஒரு கலியாணம் பேசேக்கை, அந்த வீட்டிலை ஒரு பெடியனுக்குக் கண் தெரியாதாம், பரம்பரையாம் எண்டு கதைப்பினம்" என்றார். அதுதான் நான் செய்த சத்தியம். என் கல்யாணத்துக்காக உன் கண்ணை மறைக்கச் சொன்னார். அவர்மேல் கோபப்படாதே. அவரும் பயந்துபோயிருந்தார்.

மாமி நேற்று வந்தார். உன்மேல் உயிர். அதுதான் எனக்குப் பயம். வந்து இறங்கினதும் பனங்கட்டிப் பெட்டியைத்தான் அவிழ்த்தார். நான் தயங்கித் தயங்கி, "மாமி, அங்கை தம்பிக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இலைக்கறி குடுங்கோ" என்றேன். கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. "எடி, தாயில்லாப் பிள்ளைக்கு இலையும் குழையுமோ குடுக்கிறது? சோறும் பனங்கட்டியும் குடுத்தால் பிள்ளை மினுமினுப்பான்" என்றார். "பள்ளிக்கூடத்திலை சொன்னவை, மாமி." "ஓமோம், பெரிய டொக்குத்தர் அம்மா வந்திட்டா. உன்ரை கொப்பர் இந்த ரெண்டு வருஷமா இலைக்கறி திண்டு நான் பாக்கேல்லை. ஆள் மூட்டை தூக்கேல்லையோ? கண் தெரியேல்லையோ?" என்றார். அவரும் அப்பாவின் தட்டைத்தான் பார்க்கிறார். இந்த வீட்டில் எல்லாரும் அந்தத் தட்டைத்தான் பார்க்கிறோம். குச்சவெளியில் உனக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும். யாரும் உன்னை அழவிடமாட்டார்கள். அங்கே மாலை வந்ததும் உன்னைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் நீ தடவி நடப்பது அங்கேயும் யாருக்கும் தெரியாது. இரவு போன பிறகு பகல் எப்போது போகும் என்று ரீச்சர் சொல்லவில்லை.

அதனால் இன்றைக்குப் பின்னேரம் அப்பா இரவு வேலைக்கு வெளிக்கிடுமுன் அவரைக் குசினிக்குக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் அவருக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. மகள் தகப்பனுக்கு இதைத் தின்னுங்கோ, அதைத் தின்னுங்கோ என்று சொல்வது நம் வீடுகளில் இல்லை. சொன்னேன். நீ பாயைப் போய்ப் பார்த்தது, "ஆர் செத்தது" என்று கேட்டது, படலையில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் போக முந்தி ஒருக்கால், அவனுக்கு முன்னாலை இருந்து, முருங்கையிலையோடை சாப்பிடுங்கோ அப்பா. திண்டு போட்டுச் சிரியுங்கோ. இதைத் திண்டால் ஒருத்தரும் சாகேல்லை எண்டு அவன் காணட்டும். மாமியும் கண்டால் அங்கை குடுப்பா" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்கு மட்டுமில்லைப் பிள்ளை" என்றார்.

துவாயைக் கையில் எடுத்தார்.

"அந்த முப்பத்தொரு நாளும் அவையள் இலையிலை வைச்சதை நான் என்னெண்டு விழுங்கினனான் எண்டு எனக்குத்தான் தெரியும். உன்ரை அம்மா வைக்கிற வறை. அதே வாசம். அந்த வாசத்துக்கு அவ குசினிக்குள்ளை நிக்கிறா எண்டு நினைச்சுத் திரும்பிப் பாத்திருக்கிறன். அதுக்குப் பிறகு அது என்ரை தொண்டைக்குள்ளை இறங்காது. ஆடு மாடு எண்டு பகிடி விட்டு ஒதுக்கிப்போட்டன். ஏலாது பிள்ளை. என்னாலை ஏலாது."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். படலை அடித்த சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக அவர் ஆடு என்று சொல்லிச் சிரித்ததை நாங்கள் பகிடி என்று நம்பினோம். ஒரு வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் ஒரே துக்கத்தை ஒரே தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அதை நான் இரண்டு வேளையும் கழுவி வைத்தேன்.

நீ வளர்ந்த பிறகு உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், தம்பி. உன் வீட்டில் கீரையைத் துக்க நாளுக்கு மட்டும் என்று வைத்துவிடாதே. நல்ல நாளிலும் காய்ச்சு. பிள்ளை முதல் தரம் நடக்கிற அன்று காய்ச்சு, யாராவது பாஸ் பண்ணினால் காய்ச்சு, சும்மா மழை பெய்கிற நாளில் காய்ச்சு. தின்னச் சொல்லாதே, நீ இருந்து தின். மனைவி குசினிக்குள் நின்று தனியே தின்றால் அவளையும் கூப்பிட்டு இருத்து. பிள்ளை காணாத சாப்பாடு பிள்ளைக்கு இல்லை. அது வேண்டாம் என்றால் விடு, நாளைக்கும் வை, அதற்கு அடுத்த நாளும் வை, முகத்தைச் சுளிக்காமல் வை. ஏன் வேண்டாம் என்கிறது என்று ஒருக்கால் கேள். நான் கேட்டிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. உனக்கே இது தொண்டையில் இறங்காவிட்டால்? அதற்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை. அப்பாவுக்கு என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லையே.

சேவல் கூவிவிட்டது. நான் முருங்கையிலையை ஆய்ந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து, சட்டியை மூடி வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. நீ எழும்பினால் மாமி பனங்கட்டியோடு கஞ்சி தருவார், வண்டியில் ஏற்றுவார். அப்பாவின் வேலை முடிகிற நேரம் ஆகிறது. ஆனால் துறைமுகப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவர் வண்டி போகும்வரை வேண்டுமென்றே வராமல் இருந்துவிடுவார் என்று நினைக்கிறேன். உன்னை அனுப்புகிற முகத்தைக் காட்ட அவருக்கு விருப்பம் இராது. அப்படி வராவிட்டால் மாமியிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுவதா என்று யோசிக்கிறேன். சொன்னால் ஊர் சிரிக்கட்டும், எனக்குக் கல்யாணம் வேண்டாம். சொன்னாலும் நம்புவாரோ தெரியாது. சொல்லத்தான் போகிறேன். வண்டிச் சத்தம் கேட்டதும் முதல் வேலையாக

கதவில் தட்டுகிறார்கள். குசினிப் பின்கதவில். வெளிச்சம் தெரிந்துவிட்டதோ? காவல்காரர் தடியால் தட்டுவார்கள். இது கையால் தட்டுகிற சத்தம், மெல்ல.

"பிள்ளை, நான்தான். கதவைத் திற. மாமியையும் தம்பியையும் எழுப்பு. முருங்கையிலை வாசம் ரோட்டு வரைக்கும் வருது... வெளிச்சம் வந்த உடனை முதல் எனக்குப் போடு. அவன் பாக்கட்டும்."

தம்பி, அப்பா